விசா வாங்கித் தருவதா வக்கீல் வேலை?

கேள்வி: வணக்கம் மேடம். ஏற்காடு நாகலூரிலிருந்து எழுதுகிறேன். அப்பா காபி எஸ்டேட்டில் மேஸ்திரி. நான் சேலத்தில் பி.காம். கடைசி வருடம். ஊரில் பாஸ்போர்ட், விசா என்று எந்த ஃபாரம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். போன வருடம் பக்கத்து வீட்டு அண்ணனை ஒரு ஏஜென்ட் மலேசியாவில் ஓட்டல் வேலை என்று சொல்லி டூரிஸ்ட் விசாவில் அனுப்பினார். அண்ணன் அங்கே பிடிபட்டு, உள்ளே இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் போனது போனதுதான். என்னுடன் படிக்கும் தோழி ஓமலூர் பக்கம் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறாள். இங்கேயே பிறந்தவள், ஆனால் பாஸ்போர்ட் கிடையாது என்கிறார்கள். இதையெல்லாம் பார்த்து இமிக்ரேஷன் வக்கீல் ஆக வேண்டும் என்று ஆசை. ஐந்து ரோட்டில் ஒரு விசா கன்சல்டன்சியில் கவுன்சிலர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். "ரெண்டும் ஒரே வேலைதானே, எதுக்கு இன்னும் மூணு வருஷம் படிக்கணும்?" என்கிறார் அப்பா. சட்டம் படிக்கத்தான் வேண்டுமா? வெளிநாட்டில் படித்தால்தான் மதிப்பா? நீங்கள் எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள்?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

சட்டம் படியுங்கள். கன்சல்டன்சிக்காரர்கள் உங்கள் பதிலுக்குக் காத்திருப்பார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா கேட்டதில் தவறில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். இங்கேயும் ஃபாரம், அங்கேயும் ஃபாரம். ஆனால் கன்சல்டன்சிக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். மாணவரிடம் கவுன்சிலிங் இலவசம் என்பார்கள். சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்கும் வெளிநாட்டுக் கல்லூரி கமிஷன் கொடுக்கும். ஆள் விமானம் ஏறினால்தான் வருமானம். "உன் மார்க்குக்கும் உங்கள் வீட்டு நிலைமைக்கும் இந்தக் கல்லூரி வேண்டாம், ஒரு வருடம் பொறு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் கவுன்சிலரால் அதைச் சொல்ல முடியாது, மாத டார்கெட் தலைக்கு மேலே நிற்கும். அந்தத் துறையில் நல்லவர்கள் இருக்கிறார்கள், எனக்கே சிலரைத் தெரியும். ஆனால் அந்த நாற்காலி எப்படிப்பட்ட நல்லவரையும் ஒரு பக்கமாகத் தள்ளும்.

வக்கீலின் நாற்காலி வேறு. பார் கவுன்சில் விதிப்படி, ஜெயித்தால் இவ்வளவு என்று பேசி ஃபீஸ் வாங்கக் கூடாது. விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கக் கூடாது. கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை வெளியே விடக் கூடாது. இத்தனை கட்டுப்பாடும் எதற்கு என்று படிக்கும்போது தோன்றும். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் "வேண்டாம், போகாதீர்கள்" என்று சொல்லிவிட்டும் ஃபீஸ் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடிகிறது அல்லவா, அதற்குத்தான்.

பொய்யைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேலத்தில் நிறையக் குடும்பங்களுக்கு வருமானம் ரொக்கமாக வருவது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரும், ஆத்தூர் பக்கம் மரவள்ளி போடுபவரும் நல்ல நிலையில் இருப்பார்கள், ஆனால் பேங்க் புத்தகத்தில் அது தெரியாது. பிள்ளைக்கு ஸ்டூடண்ட் விசா என்றதும் யாரோ ஒருவர் வட்டிக்குப் பணம் போட்டு, பேலன்ஸ் காட்டி, விசா வந்ததும் திரும்ப எடுத்துக்கொள்கிறார். "எல்லாரும் பண்றதுதான்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பிடிபட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவு செய்தால் கனடா 5 வருடம் உள்ளே விடாது. பிரிட்டன் 10 வருடம் வரை மறுக்கும். ஆஸ்திரேலியாவில் 3 வருடம், ஆளே வேறு என்று காட்டியிருந்தால் 10. அமெரிக்காவில் அது வாழ்நாள் முழுக்கத் தொடரும், விலக்கு கிடைக்கும் வழி மிகக் குறுகல். 2023ல் கனடாவில் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்ட பஞ்சாப் மாணவர்கள், ஏஜென்ட் கொடுத்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதமே போலி என்று தெரிந்து நாடு கடத்தல் நோட்டீஸோடு தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். கடிதத்தைத் தயாரித்தவர் வேறு யாரோ, கையெழுத்துப் போட்டது இந்தப் பிள்ளைகள். எந்த நாட்டு ஃபாரமாக இருந்தாலும் கடைசிப் பக்கத்தில் "மேலே சொன்னதெல்லாம் உண்மை" என்று கையெழுத்துப் போடுவது விண்ணப்பதாரர்தான். கவுன்சிலர் பெயர் அங்கே இருக்காது.

நேர்மையாகச் செய்தாலும் அந்தக் கொலுசுப் பட்டறைப் பிள்ளைக்கு வழி உண்டு. கொஞ்சம் நேரம் பிடிக்கும். இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு, வெள்ளி வாங்கிய பில், சொத்து மதிப்பீடு, கல்விக் கடன் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் "ஒரு வருடம் பொறு" என்று சொல்லும் ஆள் தேவை.

இன்னொரு விஷயம் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். கன்சல்டன்சியில் இப்போது சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பிறகு வக்கீலும் ஆகிவிடலாம் என்று கணக்குப் போட்டால் அது நடக்காது. பதிவு பெற்ற வக்கீல் வேறொருவரிடம் முழுநேரச் சம்பளத்துக்கு இருக்கக் கூடாது என்பது விதி. இருந்தால் சன்னதை, அதாவது வக்கீல் பதிவை, நிறுத்தி வைக்க வேண்டும்.

இனி பக்கத்து வீட்டு அண்ணன் விஷயம். பணம் போனது போனதுதான் என்று விடாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்டால்தான் முடியும். பதிவு உண்டா இல்லையா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவு பெற்றவரே வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு ரசீதும் தர வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர் என்றால் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை) என்று வரும். அவர்கள் மலேசியா, வளைகுடா என்று பட்டியலில் உள்ள 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். நம் பக்கத்துக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. சம்பளம், ஒப்பந்தம், முதலாளி யார் என்றெல்லாம் அங்கே பார்ப்பார்கள். அந்தக் கேள்விகளைத் தவிர்க்கத்தான் டூரிஸ்ட் விசா. பதிவில்லாத ஏஜென்ட் என்றால் அது தனிக் குற்றம், பணம் வாங்கி ஏமாற்றியது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 318வது பிரிவில் இன்னொரு குற்றம். கூகுள் பேயில் பணம் போன ஸ்கிரீன்ஷாட், வாட்ஸாப்பில் ஏஜென்ட் பேசிய வாய்ஸ் மெசேஜ், டிக்கெட் நகல், பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைப் பக்கம் எல்லாவற்றையும் அண்ணனிடம் இன்றைக்கே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். போலீஸுக்கும் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் ஒரே நாளில் புகார் கொடுக்கலாம். பணம் முழுதாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு ஏஜென்ட் தானாகப் பேச்சுவார்த்தைக்கு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை ஊரில் யாராவது கிளம்பும் முன், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978லிருந்து சென்னையில் இருக்கிறது என்பதையும் சொல்லி வையுங்கள்.

தோழியின் கேள்விதான் இந்தக் கடிதத்தில் கனமானது. சட்டம் படிக்கத்தான் வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

"இங்கேயே பிறந்தவள்" என்கிறீர்கள். நம் மனசுக்கு அது போதும், சட்டத்துக்குப் போதாது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3வது பிரிவை எடுத்துப் படியுங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன் வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இன்னும் ஒரு படி கூடுதல். பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இப்போது முகாமில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் 1987 ஜூனில் பிறந்தவர், மற்றவர் அதே வருடம் ஆகஸ்டில். படகில் வந்த குடும்பங்கள் ஒன்றுதான், பேசும் தமிழும் ஒன்றுதான். ஒருவர் பிறப்பால் இந்தியர், மற்றவர் அகதி. இது கற்பனைக் கணக்கு இல்லை. 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுத்தார்கள். அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். பிறந்த தேதியையும் இடத்தையும் வைத்தே அவர் இந்தியக் குடிமகள் என்று 2022ல் நீதிமன்றம் சொன்னது. பாஸ்போர்ட் வாங்கினார், 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் ஓட்டும் போட்டார். அத்தனை வருடமும் சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் குறை.

உங்கள் தோழிக்கு உங்கள் வயதுதான் இருக்கும், ஆக அவள் பிறப்புச் சான்றிதழ் மட்டும் உதவாது. அவளுடைய அப்பா, அம்மா எங்கே, எப்போது பிறந்தார்கள் என்று கேளுங்கள். இருவரில் ஒருவர் 1983 கலவரத்துக்குப் பின் வந்த குடும்பத்தில், 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்திருந்தால் கதையே வேறு. அப்புறம் தாத்தா பாட்டியைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் யாழ்ப்பாணமா, மலையகமா? மலையகம் என்றால் 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்தார்களா, பழைய தகரப் பெட்டியில் ஏதாவது காகிதம் இருக்கிறதா? அந்தக் காலத்தில் திருச்சி, மதுரை, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணி என்ற ஆள் சேர்ப்பவர் மூலம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப் பிள்ளைகள்தான் அவர்களில் பலர். மூதாதையர் இங்கிருந்து போனவர்கள் என்ற அந்த வாதத்தோடுதான் ஒரு குழு நீதிமன்றத்துக்குப் போய், அவர்களுடைய குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்கும்படி 2019ல் மதுரைக் கிளையில் உத்தரவு வாங்கியது. 2004க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' என்ற சொல்தான் பெரிய தடை. 2025 செப்டம்பரில் புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அது குடியுரிமை ஆகாது. ஆனால் மனு எழுதும் வக்கீலுக்குக் கையில் ஒரு புதிய பிடி.

விசா கன்சல்டன்சியில் பத்து வருடம் இருந்தாலும் இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள். இதில் கமிஷன் இல்லை.

என் கதையைக் கேட்டீர்கள். அப்பா அஸ்தம்பட்டி கோர்ட்டில் ஒரு சிவில் வக்கீலிடம் குமாஸ்தா. வீட்டில் கிரயப் பத்திரமும் பாகப்பிரிவினைப் பத்திரமும் அடுக்கி இருக்கும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு ஊடும் பாவும் பழகுவது போல எனக்குப் பழைய பத்திரத்து நடை பழகிவிட்டது. சேலத்திலேயே சட்டம் படித்தேன், அப்பாவின் வக்கீலிடமே ஜூனியராகச் சேர்ந்தேன். வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினை வழக்கு, பிறந்த தேதி திருத்தம் என்று சில வருடங்கள் போயின. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசு முடிவுகளை எதிர்த்துப் போடும் ரிட் மனுக்கள் நடத்தும் ஒரு சீனியரிடம் போனேன். அங்கேதான் பாஸ்போர்ட் வழக்குகள் வந்தன. குடும்பச் சண்டையில் போட்ட ஒரு கிரிமினல் கேஸ் நிலுவையில் இருப்பதால் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு, துபாய் வேலையைத் தவறவிட இருந்த ஆட்கள் வருவார்கள். 1967 பாஸ்போர்ட் சட்டம் அப்படி மறுக்கச் சொல்கிறது. ஆனால் வழக்கு நடக்கும் கோர்ட்டே அனுமதி கொடுத்தால் குறிப்பிட்ட காலத்துக்குப் பாஸ்போர்ட் தரலாம் என்று 1993லேயே அறிவிக்கை வந்துவிட்டது. அது தெரியாமல் வேலையை இழந்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு மனுவில் முடிகிற காரியத்துக்கு ஒரு மனிதனின் பிழைப்பு போகிறதே என்ற கோபம்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. அந்தக் கோபம் இன்னும் குறையவில்லை. சேலத்துக்குத் திரும்பி வந்து இதையே செய்துகொண்டிருக்கிறேன். வெளிநாட்டுச் சட்டம் வரும் இடத்தில் அந்த நாட்டு வக்கீலோடு சேர்ந்து வேலை. அவர்கள் அங்கே மனு போடுவார்கள், இங்கே உள்ள காகிதம் என் பொறுப்பு.

இங்கே உள்ள காகிதம் என்றால் என்ன என்று ஒரு ஃபைலைக் காட்டுகிறேன், அடையாளங்களை மாற்றித்தான். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் ஓய்வு பெற்ற ஒருவர். மகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டார், அப்பாவுக்குக் கிரீன் கார்டு மனு போட்டிருந்தார். அவர்கள் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். இவர் பிறந்தது 1958, எஸ்டேட் லயன் வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு), மருத்துவச்சி கையில். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969ல்தான் வந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு, பதிவு இல்லை என்று அரசு அலுவலகம் தரும் சான்றும், பிறந்ததை நேரில் அறிந்த மூத்தவர்களின் பிரமாணப் பத்திரமும் கொடுத்தால் அமெரிக்கத் தூதரகம் ஏற்கும்.

பதிவு இல்லை என்ற சான்றை வாங்கியாகிவிட்டது. பிரமாணப் பத்திரத்துக்கு ஒரு அத்தை இருந்தார், எண்பது தாண்டியவர், காது மந்தம், நினைவு மட்டும் துல்லியம். கோர்ட் வாசலில் டைப் அடித்துக் கொண்டு வந்திருந்தார்கள். "மேற்படி நபர் 1.6.1958 அன்று பிறந்தார் என்பதை நான் நேரில் அறிவேன்" என்று இருந்தது. அத்தையிடம் சத்தமாகக் கேட்டேன், எப்போது பிறந்தார் என்று. "காப்பிப் பழம் பறிக்கிற சீசன்ல. அவங்கம்மா பறிக்கப் போகலன்னு பேரு அடிச்சுட்டாங்க, நான்தான் போயி மேஸ்திரிகிட்ட சொன்னேன்" என்றார். நம் மலையில் பழம் பறிப்பது கார்த்திகை, மார்கழி, தை. ஜூன் மாதம் பழமே இருக்காது. ஜூன் 1 என்பது ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதி. நம் பெற்றோர் தலைமுறையில் பாதிப் பேர் பள்ளிக்கூடக் கணக்குப்படி ஜூனில் பிறந்தவர்கள்தான்.

பாஸ்போர்ட்டில் இருக்கும் தேதியோடு ஒத்துப்போகட்டும், பாட்டி கைநாட்டு வைத்துவிடட்டும் என்றார் மருமகன். நான் சம்மதிக்கவில்லை. சத்தியம் செய்வது அந்த அம்மா, ஃபாரம் அல்ல. அவருக்குத் தெரிந்ததை அப்படியே எழுதினோம். எந்த எஸ்டேட், எந்த லயன், தாய் தகப்பன் பெயர், மருத்துவச்சி யார், காப்பிப் பறிப்புக் காலம் என்பது உட்பட. பள்ளிப் பதிவேட்டில் தேதி எப்படி வந்தது என்று மனு போட்ட மகளின் வாக்குமூலத்தில் தனியாக விளக்கினோம், பள்ளிச் சான்றிதழையும் இணைத்தோம். இன்னொரு சிக்கல் இனிஷியலில். எஸ்டேட் வருங்கால வைப்பு நிதிப் புத்தகத்தில் தகப்பன் பெயரின் முதல் எழுத்து மட்டும் இருந்தது, பாஸ்போர்ட்டில் அதை விரித்து முழுப் பெயராக்கிக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டிருந்தார்கள், மகளின் பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு மாதம் ஆனது. மூலப் பத்திரம் ஒவ்வொன்றையும் தமிழிலிருந்து மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் சான்றும் இணைத்தோம். தூதரக நேர்காணலில் அதிகாரி தேதியைப் பற்றித்தான் முதலில் கேட்டாராம். இவர் உள்ளதைச் சொன்னார். ஃபைலிலும் அதுவே இருந்தது. கிரீன் கார்டு வந்தது.

காப்பிப் பழம் எந்த மாதம் பழுக்கும் என்று தெரிந்த வக்கீல் நியூயார்க்கில் கிடைக்க மாட்டார். மேஸ்திரி மகளான உங்களுக்கு அது தெரியும். பேரு அடிப்பது என்றால் என்ன, லயன் என்றால் என்ன, சிட்டாவில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்பதெல்லாம் இந்தத் தொழிலில் முதல். மலைக் கிராமத்திலிருந்து வருகிறோமே என்று தயங்காதீர்கள். இந்த ஊர் கோர்ட்டையும் குறைத்து நினைக்க வேண்டாம். 1882 சேலம் கலவர வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் போராடி விடுதலையான விஜயராகவாச்சாரியார் இங்கே வக்கீல். 1900ல் ராஜாஜி தொழில் ஆரம்பித்ததும் இங்கேதான்.

படிப்புக்கு வருவோம். பட்டம் முடித்தவர்களுக்கு மூன்று வருட எல்.எல்.பி. இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது, டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறது. சேலத்திலேயே 2019ல் அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. கட்டணம் அப்பாவின் சம்பளத்துக்குள் அடங்கும். முடித்ததும் பார் கவுன்சிலில் பதிவு. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு அகில இந்தியப் பார் தேர்வு. இந்தியாவில் இமிக்ரேஷன் வக்கீலுக்கென்று தனி உரிமம் எதுவும் இல்லை, எல்லோரையும் போல வக்கீல் ஆகி, அந்த வேலையைச் செய்து அந்தப் பெயர் எடுக்க வேண்டியதுதான்.

ஜூனியர் காலம் கஷ்டமானது, மறைக்க மாட்டேன். சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது ஜூனியருக்குத் தர வேண்டும் என்று 2024ல் உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லா அலுவலகத்திலும் அது கைக்கு வருகிறதா என்றால் இல்லை. சேரும் முன் சீனியரிடம் வாய் திறந்து கேளுங்கள். பெண் பிள்ளைகள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், கூச்சப்பட வேண்டியது கொடுக்காதவர்கள். முதல் இரண்டு வருடம் பாஸ்போர்ட் கேஸ் தேடாதீர்கள். சாதாரண சிவில் கோர்ட்டில் நில்லுங்கள். குறுக்கு விசாரணையில் ஒரு தேதி எப்படி உடைகிறது, ஒரு பத்திரம் எப்படி நிற்கிறது என்று அங்கே பார்த்தவருக்குத்தான் குடியேற்ற ஃபைலில் எது ஓட்டை என்று கண்ணில் படும். பி.காம். படித்தது வீண் போகாது. பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் வரிக் கணக்கையும் படிக்கத் தெரிந்த வக்கீல்கள் இந்தத் துறையில் குறைவு.

வெளிநாட்டில் படிப்பது மதிப்புக்காக என்றால் வேண்டாம். அங்கேயே தொழில் செய்யப் போகிறீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள், அதையும் இங்கே சில வருடம் நின்ற பிறகு. பல நாடுகளில் யார் காசு வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்லலாம் என்று சட்டம் இருக்கிறது. கனடாவில் வக்கீல், கியூபெக் நோட்டரி, அல்லது அங்குள்ள குடியேற்ற ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பில் உரிமம் பெற்றவர். ஆஸ்திரேலியாவில் வக்கீல் அல்லது பதிவு பெற்ற ஏஜென்ட். அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற வக்கீல் நாடு முழுக்கக் குடியேற்ற வழக்கு நடத்தலாம். நியூயார்க்கும் கலிபோர்னியாவும் வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களுக்குத் தேர்வெழுத வழி வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் சொலிசிட்டர் வக்கீல் ஆக 2021லிருந்து எஸ்.க்யூ.இ. என்ற தேர்வு. கனடாவில் நம் பட்டத்தை மதிப்பிட்டு, எந்தெந்தப் பாடம் எழுத வேண்டும் என்று சொல்வார்கள். அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றத்தில் அரசு வக்கீல் வைத்துத் தராது, தன் செலவில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் சட்டம். அதனால் அங்கே சிறு குழந்தைகூட வக்கீல் இல்லாமல் நீதிபதி முன் நிற்பது உண்டு. அந்த வேலைக்காக ஒரு நாள் நீங்கள் கடல் தாண்டினால் நான் சந்தோஷப்படுவேன்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இரண்டு. கன்சல்டன்சிக்கு மரியாதையாக மறுப்புச் சொல்லி ஒரு மெயில் அனுப்புங்கள். அப்புறம் எல்.எல்.பி. விண்ணப்ப அறிவிப்பு வரும் முன் சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையத்தில் போட்டு வாங்கிவிடுங்கள். அதில் உங்கள் பெயரும் அப்பாவின் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பது போலவே வருகிறதா என்று, பிரின்ட் எடுக்கும் முன் அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.